கறள் பிடித்த பெற்றோல் தாங்கியை ஒட்டக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் தந்தையார் 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்றை வைத்திருந்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. அவர் காலமான பின் பதினைந்து ஆண்டுகள் கொட்டிலில் நின்ற காரை இப்போது ஓட வைத்திருக்கிறேன். ஆனால் ஐந்து கிலோமீற்றர் ஓடியதும் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்தால் மீண்டும் இயங்குகிறது. தாங்கியின் அடியில் ஜக் வைத்ததால் விழுந்த நெளிவும், அதைச் சுற்றி மூன்று ஊசித்துளைகளும் உள்ளன. ஒழுக்கைச் சவர்க்காரம் வைத்து அடைத்திருக்கிறேன். தாங்கியைத் தண்ணீரால் கழுவிக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் ஒட்டித் தருவதாகச் சந்தியிலுள்ள வெல்டிங் கடைக்காரர் சொல்கிறார். உள்ளே ஊற்றும் பூச்சு ஒன்றே போதும் என்கிறார் நண்பர். எதைச் செய்வது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தங்கள் கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாங்கியை அந்தக் கடைக்கு இப்போதைக்குக் கொண்டுபோக வேண்டாம். அவர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். கேற்றும் யன்னல் கம்பியும் அழகாக ஒட்டுபவராக இருக்கலாம். ஆனால் தண்ணீரால் ஒருமுறை அலசிய பெற்றோல் தாங்கிக்கு நெருப்புக் காட்ட அரை மணி நேரம் போதும் என்று சொல்பவர், அந்தத் தாங்கிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியாதவர்.

நிறைந்த தாங்கியைவிட வெறுமையான தாங்கியே ஆபத்தானது. பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. எரிவது அதன் ஆவி. அந்த ஆவி காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டவுடன் வெடிக்கும். தங்கள் காரின் தாங்கி ஆறரை கலன், அதாவது ஏறத்தாழ 29.5 லீற்றர் கொள்ளும். இந்த அளவு வெளிக்குள் ஒரேயொரு தேக்கரண்டி பெற்றோல் ஆவியானாலே அந்த வெடிக்கும் கலவை உருவாகிவிடும். ஒரு தேக்கரண்டி என்பது அடித்தகட்டின் மடிப்புக்குள்ளும் கறட்சிலும்புக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளக்கூடிய அளவு. தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதில்லை. போனாலும் எண்ணெயைக் கரைப்பதில்லை. தங்கள் தாங்கி மண்ணெண்ணெயும் குடித்த தாங்கி என்பதால் அபாயம் இன்னும் ஒருபடி கூடுகிறது. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அதன் பிசுக்கு அங்கேயே இருக்கும், மணமும் பெரிதாக வராது. ஒட்டும் சுவாலை தகட்டைச் சூடாக்கத் தொடங்கிய பின்னரே அது ஆவியாகும். அதனால்தான் இத்தகைய தாங்கிகள் முதல் நிமிடத்தில் வெடிக்காமல், “ஒன்றும் ஆகவில்லையே” என்று எல்லோரும் அருகில் வந்து குனிந்து பார்க்கும் நேரத்தில் வெடிக்கின்றன.

நான் தொழில் பழகிய இரண்டாம் ஆண்டில் இதைக் கண்ணால் கண்டேன். மூன்று வாரம் வெயிலில் திறந்து வைத்த ஒரு லொறியின் தாங்கி அது. மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தோம். ஒரு மணமும் இல்லை. சுவாலை பட்ட சில விநாடிகளில் தாங்கியின் பக்கத்தகடு மடிப்போடு கிழிந்து, கொட்டிலின் கூரைத் தகரத்தை வெட்டிக்கொண்டு மேலே போனது. ஒட்டியவர் தண்ணீர் எடுக்க ஓரடி விலகியிருந்ததால் உயிர் தப்பினார். இந்த விடயத்தில் மூக்கை நான் அன்றோடு நம்புவதை விட்டுவிட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்.

சவர்க்காரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது என்பதால், வழியில் ஒழுகத் தொடங்கிய தாங்கியை வீடுவரை கொண்டுவந்து சேர்க்க அது உதவும். அது நம் ஊர்ச் சாரதிகள் தலைமுறைகளாக அறிந்த நல்ல உபாயம். ஆனால் சவர்க்காரம் தண்ணீரில் கரையும். தாங்கி காரின் அடியில் இருப்பதால், மழை வெள்ளம் தேங்கிய தெருவில் ஒருமுறை போனாலே அடைப்புக் கழுவிப் போய்விடும். ஆகவே தாங்கி திருத்தப்படும்வரை காரை ஓட்டாதீர்கள்.

இப்போது கார் நின்றுபோவதற்கு வருவோம். அதற்கு அந்த மூன்று துளைகள் காரணமல்ல. ஓடி நிற்பது, பொறுத்தால் மீண்டும் இயங்குவது என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு இடங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று, தாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைபட்டிருந்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பினால் உறிஞ்ச முடியாமற் போகும். கார் நின்ற உடனே மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சீறல் கேட்டால் அதுவே காரணம். மற்றது, உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள வலை. ஓடும்போது கறட்தூள் இழுபட்டு வலையில் ஒட்டிக்கொள்கிறது, கார் நின்றதும் இழுவை இல்லாமற் போக, தூள் மெல்லக் கீழே விழுகிறது, வழி திறக்கிறது. தாங்கள் சொல்லும் பத்து நிமிடம் பெரும்பாலும் இந்தத் தூள் விழுவதற்கு எடுக்கும் நேரமாகவே இருக்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய மைனரில் வசதி உண்டு. தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் எஸ்யூ (SU) வகை மின்பம்பு இயந்திர அறைக்குள், பின்சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது துடிக்கும் ஓசையைக் காது கொடுத்துக் கேளுங்கள். படபடவென்று வேகமாகத் துடித்தும் பெற்றோல் வரவில்லையென்றால், குழாயில் எங்கோ காற்றை இழுக்கிறது. துடிப்பு மிக மெதுவாகி அல்லது அடங்கிப் போனால், உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கிறது, இல்லையேல் பம்பின் மின்முனைகள் தேய்ந்திருக்கின்றன. பம்பு முன்னாலும் தாங்கி பின்னாலும் இருப்பதால் இடையிலுள்ள நீண்ட குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம் என்பதை மறக்க வேண்டாம். அதில் ஊசித்துளை இருந்தால் பெற்றோல் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே தாங்கியைக் கழற்றும் நாளில் அந்தக் குழாயையும் கையால் தடவிப் பாருங்கள்.

தாங்கியைக் கழற்றும் முன் பற்றரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது என்பதால் நிலத்தோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து மிச்சத்தை உலோகக் கொள்கலனில் பிடித்து, நிரப்பு குழாயின் றப்பரையும் பெற்றோல் மானிக்கு அளவைச் சொல்லும் மிதவையின் கம்பியையும் எரிபொருட் குழாயையும் கழற்றிய பின், விளிம்பைச் சுற்றியுள்ள திருகாணிகளை எடுத்தால் தாங்கி கீழே இறங்கும். அந்தத் திருகாணிகள் கறளேறி இறுகியிருக்கும். முதல் நாள் மாலையே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். சுவாலை காட்டியோ, கிறைண்டர் பிடித்தோ எடுக்க வேண்டாம்.

வடித்த எண்ணெயைப் பின்வளவில் ஊற்றிவிடாதீர்கள். நம் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறை மேல் இருக்கிறது. மேலே ஊற்றியது வெடிப்புகளின் வழியே கிணற்றைத் தேடிப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நாம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். கழிவெண்ணெய் எடுக்கும் கராஜில் கொடுங்கள். பிற்பாடு கழுவப்போகும் தண்ணீரையும் பீப்பாயில் பிடித்து, மேலே மிதக்கும் எண்ணெயைப் பிரித்து அதனோடு சேர்த்துக் கொடுங்கள்.

இனிச் சுத்தம் செய்யும் வேலை. இதில்தான் பெரும்பாலானோர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். கறளைக் கண்டதும் அமிலத்தை ஊற்றுகிறார்கள். கறளின் மேல் பழைய பெற்றோல் உறைந்த பிசின் ஒரு வார்னிஷ் போலப் படிந்திருக்கும். தங்கள் தாங்கியில் அதற்கு மேலே மண்ணெண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் அமிலம் வேலை செய்யாது. எனவே முதலில் எண்ணெய்ப்பசை போக வேண்டும். கைபொறுக்காத சூடுள்ள தண்ணீரில் சலவைச்சோடாவைத் தாராளமாகக் கரைத்துத் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஓரிரவு விட்டு வடியுங்கள். குறைந்தது மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். முதல் முறை வடியும் தண்ணீர் பழைய தேயிலைச் சாயம் போல இருக்கும். அதில் வழவழப்பான கறுத்த சவ்வுகள் மிதந்தால் திகைக்க வேண்டாம். மண்ணெண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் வளரும் ஒருவகைப் பூஞ்சையாக அது இருக்கலாம். அந்தப் பூஞ்சை சுரக்கும் அமிலமும் தகட்டைத் தின்னும். பிசின் அப்படியும் போகாவிட்டால் பெயின்ற் தின்னர் அரை லீற்றரளவு விட்டுக் குலுக்கலாம். ஆனால் அதுவும் எரியும் திரவம் என்பதால் அதன் பின் சோடாத் தண்ணீரால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும்.

தடித்த கறளை உதிர்க்கச் சிலர் நட்டுகளையும் சரளைக்கல்லையும் உள்ளே போட்டுக் குலுக்குவார்கள். பின்னர் அவற்றை எண்ணி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஒன்று உள்ளே தங்கினாலும் காலமெல்லாம் சத்தம்தான். நான் ஒன்றரை மீற்றர் நீளமான மெல்லிய இரும்புச் சங்கிலி ஒன்றை வைத்திருக்கிறேன். மிதவைத் துவாரத்தின் வழியே அதை உள்ளே விட்டு, மறுநுனியை வெளியே ஒரு கம்பியில் கட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீரோடு தாங்கியை நாலாபக்கமும் உருட்டுவேன். இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும்.

மீதமுள்ள கறளுக்குச் சிற்றிக் அமிலமே என் தெரிவு. முப்பது லீற்றர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ முதல் இரண்டு கிலோவரை கரைத்து, துவாரங்களை மரத்தக்கையால் அடைத்து, காற்றிடைவெளி இல்லாமல் முழுவதும் நிரப்புங்கள். அரைவாசி நிரப்பினால் திரவத்துக்கு மேலேயுள்ள ஈரத்தகடு புதிதாகக் கறள் பிடிக்கும். குமிழ் வருவதால் ஒரு தக்கையைத் தளர்வாக விட வேண்டும். ஒரு நாள் கழித்து வடித்துப் பாருங்கள். தகடு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் போதும். வேண்டுமென்று மூன்று நாள் நான்கு நாள் ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். கடைகளில் கிடைக்கும் ஹைட்றோகுளோறிக் அமிலத்தை நான் விரும்புவதில்லை. அது வேகமாகக் கறளை எடுக்கும், அதே வேகத்தில் மெலிந்த தகட்டையும் எடுக்கும், மடிப்புக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் அரிக்கும். மின்சாரம் பாய்ச்சிக் கறளை எடுக்கும் மின்பகுப்பு முறையும் நன்று, ஆனால் உள்ளே நேர்முனையாகத் தொங்கவிடும் கம்பி சாதாரண இரும்பாகவே இருக்க வேண்டும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் போட்டால் நச்சுத்தன்மையுள்ள குறோமியம் சேர்மங்கள் தண்ணீரில் உண்டாகும்.

அமிலத்தை வடித்ததும் தண்ணீரால் அலசி, அப்பச்சோடாக் கரைசலால் மிச்ச அமிலத்தை முறித்து, மீண்டும் அலசி, உடனே உலர்த்த வேண்டும். உடனே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பருத்தித்துறைக் கடற்காற்றில் ஈரமான வெற்றிரும்பு அரை மணி நேரத்தில் செம்மஞ்சளாகிவிடும். உச்சி வெயிலில் வைத்து, சூடான காற்றை உள்ளே ஊதுங்கள்.

இப்போதுதான் துளைகளை எண்ண வேண்டும். இதற்கு முன் எண்ணிய கணக்குச் செல்லாது. கறளே அடைப்பாக இருந்த துளைகள் பல இப்போது திறந்திருக்கும். இரவில், தாங்கிக்குள் சிறிய எல்ஈடி விளக்கு ஒன்றை விட்டு, அடித்தகட்டை வெளியிலிருந்து பாருங்கள். அதன்பின் துவாரங்களை அடைத்து, சைக்கிள் பம்பினால் மிக மெல்லிய அழுத்தத்தில் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவினால் குமிழ் காட்டிக் கொடுக்கும். சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தலுக்கு மேல் அழுத்தம் போகக் கூடாது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 50 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தகட்டில் அந்த ஓர் இறாத்தல் அழுத்தம் 140 கிலோ பாரமாக விழும். கொம்பிரசரில் பொருத்தி ஊதிய தாங்கிகள் பலாப்பழம் போல உப்பிப்போய் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றைப் பழைய உருவுக்குக் கொண்டுவர முடியாது.

தங்கள் துளைகள் நெளிவைச் சுற்றி இருப்பது தற்செயலல்ல. அக்காலத் தாங்கிகள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சுள்ள இரும்புத் தகட்டால் செய்யப்பட்டவை. ஜக் முட்டியபோது அந்தப் பூச்சு வெடித்திருக்கும். நெளிவு மேல்நோக்கிப் புடைத்ததால் அதைச் சுற்றி ஒரு வளையமான பள்ளம் உண்டாகியிருக்கும். பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் பாரமான தண்ணீர் அங்கே போய்த் தங்கி, வெடித்த பூச்சின் வழியே இரும்பைத் தின்றிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து தெரியும் துளையைவிடச் சுற்றியுள்ள தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு துளையையும் சுற்றிப் பெருவிரலால் அழுத்துங்கள். தகடு உறுதியாக நின்றால் திருத்தலாம். தகரப்பேணியின் மூடி போல உள்வாங்கி ‘டக்’ என்றால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைக்க வேண்டும். அடித்தகடு முழுவதுமே அப்படியிருந்தால் திருத்துவதை விட்டுவிடுங்கள். மைனருக்குப் புதிய தாங்கிகள் பிரித்தானியாவில் இன்றும் செய்து விற்கப்படுகின்றன. தந்தையாரின் காரில் அசல் பாகமே இருக்க வேண்டும் என்ற ஆசை தங்களுக்கு இருக்கலாம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கும் காரில், அதற்குப் பின்னால் இருக்கும் பெற்றோல் தாங்கியை அந்த ஆசை தீர்மானிக்கக் கூடாது.

தகடு உறுதியாக இருந்து, துளைகள் ஊசித்துளைகளாகவே இருந்தால், ஈயப்பற்று வைப்பதே சிறந்தது. வெல்டிங் சுவாலை மெலிந்த தகட்டைத் துளைத்துத் துளையைப் பெரிதாக்கும். நெளிவைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம். உறிஞ்சு குழாயில் முட்டாதவரை அதனால் தீங்கில்லை, தட்டினால் புதிய வெடிப்புகள் வரும். துளைகளைச் சுற்றிய பகுதியை வெள்ளி போல் மினுங்கும்வரை சுத்தம் செய்யுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருப்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாமல், ஈரத்தோடு தேய்த்து, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். மெல்லிய பித்தளைத் தகட்டில், துளைகளுக்கு அப்பால் எல்லாப் பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக ஓர் ஒட்டுத்துண்டு வெட்டி, அதன் மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். ஈயம் பிடிப்பதற்கான திராவகத்தைத் தடவி, இரு முகங்களுக்கும் தனித்தனியே ஈயம் பூசிய பின், ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பாரமான செப்புச் சூட்டுக்கோலால் மெதுவாக இழுத்துவந்தால் ஈயம் உருகி நான்கு விளிம்பிலும் ஒரு மெல்லிய வெள்ளிக்கோடாக வெளியே வரும். அந்தக் கோடு எங்கும் அறாமல் வந்தால் பற்று நன்றாகப் பிடித்திருக்கிறது. பற்று வைக்கப் பூசிய திராவகத்தைச் சூடான சோடாத் தண்ணீரால் கழுவ மறக்க வேண்டாம்.

சூட்டுக்கோலுக்கும் பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கும் சூடு உண்டு. எனவே ஈயப்பற்றானாலும் வெல்டிங் ஆனாலும், அதற்கு முன் தாங்கிக்குள் நீராவியை ஒரு மணி நேரமாவது தொடர்ந்து செலுத்தி, வாயுமானியால் அளந்து, எரியும் ஆவி இல்லை என்று கண்ட பின்பே சூடு காட்ட வேண்டும். வாகனப் புகையை உள்ளே விட்டால் போதும் என்று சொல்வார்கள். அந்தப் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சமிருக்கிறது என்று அளக்காமல் அதை நம்ப முடியாது. நீராவியும் வாயுமானியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தகடு வெட்டி வைக்க வேண்டிய நிலை வந்தால், முதலில் ஈயம் வைத்துப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஈயம் பட்ட இரும்பில் பிறகு வெல்டிங் சரியாகப் பிடிக்காது.

நண்பர் சொன்ன உட்பூச்சைப் பற்றி: அது பூச்சுத்தானே தவிர ஒட்டல்ல. சுத்தமான, உலர்ந்த, துளையில்லாத இரும்பின் மேல் இரண்டு பகுதி எபொக்சிப் பூச்சை முறையாகப் பூசி, மிகுதியை முற்றாக வடித்து, சொல்லப்பட்ட நாட்கள் காயவிட்டால் அது பல ஆண்டுகள் காக்கும். பிசினின் மேலும் கறளின் மேலும் ஊற்றினால் ஓரிரு ஆண்டில் தோல் தோலாக உரிந்து, அதே உறிஞ்சு வலையில் போய் அடைக்கும்; பின்னர் அதை உரித்தெடுக்கும் வேலை, இப்போது சொன்ன வேலைகள் எல்லாவற்றையும்விடக் கடினமானது. தங்கள் தாங்கியில் ஒட்டு முடிந்த பின் உட்புறம் பெருமளவு வெற்றிரும்பாக இருந்தால் மட்டும் பூசுங்கள். பழைய பூச்சு பெரும்பகுதி எஞ்சியிருந்தால் ஒன்றும் வேண்டாம். தாங்கியை நிறைத்து வைத்து அடிக்கடி ஓட்டினாலே போதும்.

திரும்பப் பூட்டும்போது மிதவையைக் கவனியுங்கள். பித்தளை மிதவையைச் சூடான தண்ணீரில் அமிழ்த்திக் குமிழ் வருகிறதா பாருங்கள். வந்தால் அதற்குள் பெற்றோல் புகுந்து மூழ்கும், மானி எப்போதும் குறைவாகவே காட்டும். புதிய தக்கை வாசர் போடுங்கள். வெளிப்புறத்துக்கு நல்ல பெயின்ற் அடித்தால், ஒரு திருகாணியின் அடியில் மட்டும் பெயின்ற்றைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொட விடுங்கள். மானியின் மின்சுற்று காரின் உடல் வழியேதான் திரும்புகிறது. விளிம்புக்கு அடியில் பழைய கம்பளித்துணி போன்றதை வைக்காதீர்கள். அது உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் குடிக்காத றப்பர்ப் பட்டியே நல்லது. நிரப்பு குழாயின் றப்பரையும் புதிதாக மாற்றி, மூடியின் காற்றுத்துளையை ஊதிப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் ஐந்து லீற்றர் மட்டும் விட்டு, தாங்கிக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, காரை வெளி முற்றத்தில் ஓரிரவு நிறுத்துங்கள். காலையில் தாளில் கறை இல்லையென்றால் முழுவதும் நிரப்பி இன்னோர் இரவு பாருங்கள். மேல் மடிப்பிலுள்ள ஒழுக்கு நிறைந்த தாங்கியில்தான் தெரியும். இரண்டாம் காலையும் தாள் அப்படியே இருந்தால், ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் ஓட்டிப் பார்த்துவிட்டு, பம்பின் துடிப்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.